பிறந்த மாநிலம்

எங்கள் ஊராட்சித் தலைவரான சர்பஞ்சின் பதவி இந்த முறை பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி வந்தபோது நான் திருப்பதியில், அலுவலகத்தில் இருந்தேன். ஒரு தமிழ் நாளிதழுக்கு எல்லையோர மண்டலங்களின் செய்திகளைத் தொகுத்து அனுப்புவது என் வேலை. ஒதுக்கீட்டு விவரங்கள் மண்டலம் மண்டலமாக வாட்ஸ்அப்பில் வந்து விழுந்துகொண்டிருந்தன. எங்கள் ஊர்ப் பெயர் இருந்த வரியை மறுபடியும் படித்தேன். அதற்கு முன்பு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் என் உறவினர்கள். அல்லது என் உறவினர்கள் கைகாட்டியவர்கள்.

விஜயபுரத்தைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது ஊர். நெல்லும் வேர்க்கடலையும் விளைகிற மண். கால்வாயைக் கடந்தால் காலனி. என் குடும்பம் ஊருக்குள் நிலம் வைத்திருக்கிற குடும்பம். காலனிக்காரர்களின் முன்னோர்கள் அந்த நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள். இப்போதைய தலைமுறை கொஞ்சம் கொஞ்சமாக நிலம் வாங்கியிருக்கிறது. பயிர் இல்லாத நாட்களில் கூலிக்கும் கம்பெனி வேலைக்கும் போகிறது. கால்வாயின் இரண்டு பக்கமும் வீட்டில் பேசுவது தமிழ். ஆபீஸ் படி ஏறினால் தெலுங்கு.

அன்று சாயங்காலமே காலனியிலிருந்து என் பள்ளித் தோழன் போன் செய்தான். ஊர்ப் பள்ளியில் இருவரும் ஒரே பெஞ்ச். இப்போது கொஞ்சம் நிலமும் ஒரு லோடு ஆட்டோவும் வைத்திருக்கிறான். தன் மனைவியை நிறுத்தப்போவதாகச் சொன்னான். சட்டம், நாமினேஷன், தெலுங்குக் காகிதம் எல்லாவற்றுக்கும் நான் கூட இருக்க வேண்டும் என்றான். பேப்பர்க்காரனுக்குச் சட்டம் தெரியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

அவன் மனைவியைக் காலனியில் லீடரம்மா என்பார்கள். மகளிர் சங்கத்துக்கு அவர்தான் லீடர். பாங்க் மேனேஜரிடம் நின்று பேசுகிறவர். அவர் சர்பஞ்ச் ஆக நினைத்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று, தண்ணீர். வீட்டுக்கு வீடு குழாய் என்று டெல்லியில் அறிவித்த திட்டம் எங்கள் ஊருக்கும் வந்தது. காலனியில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு நீலக் குழாயை நட்டது, படம் எடுத்துக்கொண்டது, போய்விட்டது. காலனிக்குப் போகும் தண்ணீரைத் திறக்கிற வால்வு என் பெரியப்பா மகனின் கொல்லையில் இருக்கிறது. அதைத் திறக்க ஆள் வைப்பது பஞ்சாயத்து. பஞ்சாயத்து என்றால் அந்த அண்ணன்தான். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும். ஊர்த் தொட்டி நிரம்பி மிச்சம் இருந்தால் காலனிக்குத் திறப்பார்கள். மிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது திறக்கிற ஆளின் அன்றைய மனநிலை. லீடரம்மா இதற்காக மனு கொடுக்காத ஆபீஸ் இல்லை. கம்ப்யூட்டரில் பதிவான அவருடைய புகார்கள் எல்லாம் தீர்ந்துவிட்டதாக முடித்து வைக்கப்பட்டிருந்தன. புகாரை விசாரிக்க வந்தவர்கள் குழாய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். குழாய் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். காலனியில் கல்யாண வீட்டுக் களை. என் தோழனைப் பார்த்துப் பெண்கள் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். இனிமேல் சர்பஞ்சம்மாவுக்கு யார் சோறாக்குவது என்று ஒருத்தி கேட்டாள். "அவுருதான் ஆக்கணும். நாங்க வந்து துன்னு பார்த்துட்டு ஓட்டு போடறதா வாணாமான்னு சொல்றோம்" என்றாள் இன்னொருத்தி. அவன் சிரித்துக்கொண்டே ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். லீடரம்மா சிரிக்கவில்லை. என்னென்ன காகிதம் வேண்டும் என்று என்னிடம் கேட்டார். ஆதார், ஓட்டர் அட்டை, சாதிச் சான்றிதழ் என்றேன். மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார்.

சாதிச் சான்றிதழ் தமிழ்நாடு அரசு கொடுத்தது. அவர் பள்ளியில் படித்தபோது வாங்கியது. லீடரம்மா பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், ஊத்துக்கோட்டை அருகே. அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கோபுர முத்திரை தெளிவாகத் தெரிந்தது. அப்போது எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அந்தச் சாதியின் பெயர் ஆந்திராவின் பட்டியலிலும் இருக்கிறது, அதனால் சிக்கல் வராது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மண்டல ஆபீஸில், ஆந்திர அரசின் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அதற்கென்ன, எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று பக்கத்து மேசைக்குப் போனோம். அங்கே இருந்த பெண் ஊழியர் நல்லவிதமாகத்தான் நடந்துகொண்டார். கணவனின் ஊர் எது என்று அவர் கேட்கவில்லை. "மீ நைனதி ஏ ஊரம்மா?" என்று, அப்பாவின் ஊரைக் கேட்டார். லீடரம்மா சொன்னார். அந்த ஊழியர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அப்பா எந்த மாநிலமோ அந்த மாநிலத்தில்தான் சாதி; கல்யாணம் செய்துகொண்டு வந்தால் சாதி கூடவே வராது என்று தெலுங்கில் விளக்கினார். இத்தனை வருடம் இங்கேயே குடியிருந்தாலுமா என்று நான் கேட்டேன். எத்தனை வருடம் இருந்தாலும்தான் என்றார்.

திருப்பதியில் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் உண்டு. வெளியே வந்து அவருக்குப் போன் செய்தேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. பட்டியல் என்பது மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஒரே பெயர் இரண்டு பட்டியலிலும் இருந்தாலும் ஒரு மாநிலத்துக்காரர் இன்னொரு மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன; கல்யாணத்தால் வந்த பெண்ணுக்கும் அதேதான். வெளியிலிருந்து வருகிறவர்கள் உள்ளூர்க்காரர்களின் இடத்தைப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக இப்படி வைத்தார்கள் என்றார். காரணத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதை எழுதியவர்களின் மனதில் ஏதோ ஒரு தூர மாநிலத்திலிருந்து ரயிலேறி வருகிற ஆள் இருந்திருக்க வேண்டும். காலையில் ஷேர் ஆட்டோவில் அம்மா வீட்டுக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு புருஷன் வீட்டுக்குத் திரும்பிவிடுகிற பெண் இருந்திருக்க மாட்டாள்.

மண்டல ஆபீஸுக்கு எதிரே ஒரு டீக்கடை. எங்களோடு காலனி ஆண்கள் சிலர் வந்திருந்தார்கள். நாமினேஷனுக்கு அடுத்த நாள்தான் கடைசி. லீடரம்மா இல்லையென்றால் வேறு யார் என்று பேச்சு வந்தது. உன் வீட்டில் நிறுத்தலாமா என்று ஒருவனைக் கேட்டார்கள். அவன் மனைவி பள்ளிப்பட்டு. அடுத்தவன் மனைவி திருத்தணி. அதற்கடுத்தவன் தன் அக்கா மகளையே கட்டியிருந்தான். அந்த அக்காவைக் கொடுத்தது ஊத்துக்கோட்டையில். ஒவ்வொரு பெயரும் வர வர டீ குடிப்பது நின்றது. ஒருவன் தன் அம்மாவை நிறுத்தலாம் என்றான். "உங்கம்மா மட்டும் இன்னா, திருப்பதில பொறந்தாங்களா? அதுவும் பள்ளிப்பட்டுதாண்டா" என்றார் பக்கத்தில் இருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள்.

காலனியின் வழக்கம் அது. பெண்ணை எல்லைக்கு அந்தப் பக்கம் கொடுப்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்தே பெண் எடுப்பார்கள். அத்தை மகன், மாமன் மகள் எல்லாம் அங்கேதான். கோடு பிற்பாடு வந்தது. கல்யாணங்கள் அதைக் கவனிக்காமல் நடந்துகொண்டே இருந்தன. அதனால் காலனியில் பிறந்த பெண்கள் தேர்தலில் நிற்பதற்கான இருபத்தொரு வயது ஆவதற்குள் எல்லையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சமையல் செய்கிற, களை எடுக்கிற, சங்கம் நடத்துகிற அத்தனை பெண்களும் எல்லையைத் தாண்டி வந்தவர்கள். பட்டியல் சாதிப் பெண்களுக்கென்று ஒதுக்கிய ஊராட்சியில், ஆண்களுக்கெல்லாம் பட்டியல் சாதிச் சான்றிதழ் இருந்தது.

பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள் ஒருத்தி இருந்தாள். என் தோழனின் தங்கை. புருஷன் சரியில்லை என்று வந்துவிட்டவள். அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷீட் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு ஆந்திரச் சான்றிதழ் உண்டு. டீக்கடையிலிருந்து எழுந்து நேரே அவளிடம் போனோம். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகத்தில் முதலில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே அணைந்தது. ஓட்டு அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்றாள். ரேஷன் அரிசியும் பெண்களுக்கு மாதாமாதம் வரும் தொகையும் அங்கே இருப்பதால் எந்த அட்டையையும் மாற்றவில்லை. எல்லையோரத்தில் இப்படிச் செய்வது ஒன்றும் அதிசயம் இல்லை. எந்த அரசாங்கம் அந்த வருடம் கூடக் கொடுக்கிறதோ அந்தப் பக்கம் அட்டையை வைத்துக்கொள்வார்கள். லீடரம்மாதான் கல்யாணமான கையோடு எல்லாவற்றையும் புருஷன் ஊருக்கு மாற்றிக்கொண்ட ஒரே ஆள்.

என் தோழன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "இங்க பொறந்தவளுக்கு ஓட்டு அங்க. இங்க ஓட்டு கீறவளுக்கு சாதி அங்க. நல்லா கீதுபா" என்றான்.

அப்போதுதான் லீடரம்மாவுக்குத் தெலுங்குப் பெண்ணின் நினைவு வந்தது. காலனியில் ஒருவன் நாயுடுபேட்டையில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போன இடத்தில் கூட வேலை செய்த பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். நாயுடுபேட்டை ஆந்திராதான், அவளும் பட்டியல் சாதிதான், சான்றிதழில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் சொந்தத்தில் பெண் இருக்கும்போது வெளியே போய்க் கட்டினான் என்று காலனி அந்த வீட்டோடு புழங்குவதைக் குறைத்திருந்தது. கோயில் வரியில் சேர்ப்பார்கள். விசேஷத்துக்குச் சொல்ல மாட்டார்கள். சங்கத்தில் அவளைச் சேர்க்கும் பேச்சு வந்தபோது பெண்கள், அவளுக்குத் தமிழ் வராது என்று தள்ளிப் போட்டார்கள்.

லீடரம்மா தனியாகப் போகவில்லை. நானும் என் தோழனும் பின்னால் போனோம். அந்தப் பெண் வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து எழுந்தாள். உட்காரச் சொல்லி உள்ளேயிருந்து நாற்காலி எடுத்து வந்தாள். லீடரம்மா சுற்றி வளைக்காமல் கேட்டார். அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டே தமிழில் பதில் சொன்னாள். தெலுங்கு வாடை இருந்தது, தமிழ்தான்.

"பெத்தாயன நேத்தே வந்துட்டு போயிட்டாரு அக்கா. எங்க வூட்டுக்காரரு சரின்னுட்டாரு."

பெரியவர் என்று அவள் சொன்னது என் அண்ணனை. அவள் புருஷன் அண்ணனின் டிராக்டரை ஓட்டுகிறவன். சரி, நீ நில்லு, எல்லாரும் உனக்கே போடுகிறோம், ஆனால் வால்வைத் திறக்கும் ஆளைக் காலனியிலிருந்து வை, இதை மட்டும் செய்வாயா என்று லீடரம்மா கேட்டார். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை.

"நானு வந்து மூணு பொங்கலு ஆச்சு அக்கா. நீங்க இப்பதான் எங்க வூட்டுக்கு வந்துகினு கீறீங்க" என்றாள்.

லீடரம்மா நாற்காலியில் உட்காரவே இல்லை. அப்படியே திரும்பி நடந்தார்.

அன்று மத்தியானம் சாப்பிட அண்ணன் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்தால் அதுவே ஒரு செய்தி ஆகிவிடும். அண்ணி இலை போட்டார். அண்ணன் கொல்லையிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு எதிரே உட்கார்ந்தார். பேச்சை நான் எடுக்கவில்லை, அவரே எடுத்தார்.

"சட்டம் தெரிஞ்சவன்னு உன்னைக் கூட்டிக்கினு சுத்தறானாமே உன் சிநேகிதன். அவன் பொஞ்சாதிக்கு இங்க சாதியே கெடையாதுடா."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். போன தேர்தலில் பக்கத்து ஊராட்சியில் இதே மாதிரி ஒன்று தள்ளுபடியானதாம், அப்போதிலிருந்து தெரியுமாம். ஒதுக்கீட்டு அறிவிப்பு வந்த அன்றே காலனியில் யார் யார் எந்த ஊர் என்று ஒரு சுற்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டார். நாயுடுபேட்டைப் பெண்ணில் வந்து நின்றுவிட்டது.

"முன்னாடியே சொல்லியிருந்தா அவங்க அலைஞ்சிருக்க மாட்டாங்க இல்லண்ணா" என்றேன்.

"என்னை எவன் கேட்டான்? குழம்பு ஊத்திக்கினு துன்னு."

அவர் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு எழுதுவது சுலபமாக இருக்கும். என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் அவர். அந்தத் தண்ணீர் விஷயத்தில் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது; வால்வு என் கொல்லையில் இருக்கிறது, என் கொல்லையில் என் பேச்சு என்பது. அதற்கு மேல் அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. யோசிக்க வேண்டிய அவசியத்தைச் சட்டம் அவருக்கு ஏற்படுத்தவும் இல்லை. ஒதுக்கீடு வந்தால் எங்கள் குடும்பத்தின் பிடி போய்விடும் என்று தூரத்தில் இருந்த நான்தான் நினைத்தேன். அவர் ஒரு நாள்கூட அப்படி நினைக்கவில்லை.

லீடரம்மா தமிழ்நாட்டுச் சான்றிதழை வைத்தே நாமினேஷன் போட்டார். நிற்காது என்று நான் சொன்னேன். தள்ளுபடி பண்ணட்டும், பண்ணினது காகிதத்தில் இருக்கட்டும் என்றார். தெலுங்கில் இருந்த படிவத்தை நான் படித்துச் சொல்ல, அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார். பரிசீலனை நாளில் அதிகாரி அதை எடுத்துப் பார்த்து, பெயரைக் கூப்பிட்டு, தள்ளுபடி என்றார். மேல்முறையீட்டுக்கு ஒரு நாள் அவகாசம் இருந்தது.

கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வின் ஆபீஸில் மத்தியானம் வரை காத்திருந்தோம். ஆர்.டி.ஓ. இளைஞர். தமிழ் புரிந்தது, பேச்சில் தெலுங்கு அதிகம். மனுவை முழுக்கப் படித்தார். படிக்காமலே தள்ளுகிறவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அது கொஞ்சம் ஆச்சரியம். பொதுப் பெண்கள் இடமாக இருந்தால் தாராளமாக நிற்கலாம், அதற்குத் தடை இல்லை என்று சொன்னார். பொதுப் பெண்கள் இடத்தில் காலனிப் பெண் நின்று எங்கள் பக்கம் எங்காவது ஜெயித்தது உண்டா என்று நான் கேட்க நினைத்தேன். அதற்குள் லீடரம்மா பேசினார்.

"நான் இந்த ஊர்ல இன்னா சாதி சார்?"

ஆர்.டி.ஓ. நிமிர்ந்தார்.

"இல்ல, எனுக்கு இங்க சாதி கெடையாதுன்னு எழுதியிருக்கீங்க. அத்தயே சீல் போட்டு எனுக்கு ஒண்ணு குடுங்க. எடுத்துக்கினு போயி ஊர்ல காட்றேன். டீக்கடைல காட்றேன். தண்ணி திறக்கறவன்கிட்ட காட்றேன்."

குரலை உயர்த்தவில்லை. கேலியும் இல்லை. உண்மையிலேயே அப்படி ஒரு காகிதம் கிடைக்கும் என்று நம்பிக் கேட்கிற மாதிரிதான் இருந்தது. ஆர்.டி.ஓ. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ரூல் அம்மா, நான் ஏமி செய்யறது" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். உத்தரவில் கையெழுத்துப் போட்டு ஒரு நகலை லீடரம்மாவிடம் கொடுத்தார். பிறந்த மாநிலம் வேறு என்பதால் என்று ஒரே வரியில் காரணம் இருந்தது.

சட்டத்தின் கணக்கில் லீடரம்மாவின் சாதி எல்லையில் நின்றுவிட்டது. ஊரின் கணக்கில் அது அவரோடு ஆட்டோவில் ஏறி, புருஷன் வீட்டுக்கு வந்து, கால்வாய்க்கு இந்தப் பக்கம் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தத் தெருவில் நடந்தால் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது வரை கூடவே இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து மசோதாக்களையும் திருத்தங்களையும் தீர்ப்புகளையும் தலைப்பு போட்டு அனுப்பிவருகிறேன். டெல்லியில் கைதட்டிய பிறகு அந்தச் சட்டம் எங்கே போய் இறங்குகிறது என்று பார்க்க எங்கள் தொழிலில் நேரம் இருப்பதில்லை. இந்த முறை அது என் சொந்த ஊரில் இறங்கியது. யாரும் சட்டத்தை மீறவில்லை. ஒவ்வொரு மேசையிலும் சரியான காரியம்தான் நடந்தது. கடைசியில் வால்வின் சாவி இருந்த இடத்திலேயே இருந்தது.

மீதி இருந்தது ஒரே நாமினேஷன். எங்கள் பக்கம் அதை ஏகக்ரீவம் என்பார்கள்; போட்டியில்லாமல் ஒருமனதாகத் தேர்வு. ஊர் ஒற்றுமைக்கு அடையாளம் என்று அரசாங்கமே அதற்குப் பரிசு வைத்திருக்கிறது. நாயுடுபேட்டைப் பெண்ணுக்கு மாலை போட்டு அண்ணன் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். படத்தில் அவள் நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் படமும் மூன்று வரிச் செய்தியும் மற்ற ஏகக்ரீவச் செய்திகளோடு என் மேசைக்கு வந்தன. பட்டியல் சாதிப் பெண் ஒருமனதாகத் தேர்வு என்று இருந்தது. திருத்துவதற்கு அதில் ஒரு பிழையும் இல்லை. அனுப்பினேன்.

பிறகு சில மாதங்கள் ஊர்ப்பக்கம் அதிகம் போகவில்லை. கோடையில் ஒரு நாள் லீடரம்மா திருப்பதி அலுவலகத்துக்கு வந்தார். கூட அவர் மகள். திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி டிகிரி முடித்து, அரசுத் தேர்வுக்குக் கோச்சிங் போய்க்கொண்டிருந்தவள். தேர்தல் நேரத்தில் அவளுக்கு இருபத்தொன்று ஆகியிருக்கவில்லை. கீழே விளம்பரப் பிரிவில் மணமகன் தேவை என்று ஒரு விளம்பரம் கொடுக்க வேண்டும், வாசகம் எழுதித் தாருங்கள் என்றார்.

எனக்குப் புரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை யார் என்பது எனக்கே தெரியும். லீடரம்மாவின் அண்ணன் மகன். ஊத்துக்கோட்டையில் செல்போன் கடை வைத்திருக்கிறான். சின்ன வயதிலிருந்தே பேசி வைத்தது. நான் கேட்காமலே லீடரம்மா சொன்னார். சித்திரையில் அண்ணன் பூவும் பழமும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வந்தாராம். இவர் முடியாது என்று சொல்லிவிட்டாராம். ஒரு எலக்‌ஷனுக்காக அண்ணனை வேண்டாம் என்கிறாயா என்று கேட்டுவிட்டு, அண்ணன் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாராம். அதற்குப் பிறகு போன் இல்லை. அம்மாவைப் பார்க்கக்கூட இவர் அந்தப் பக்கம் போகவில்லை.

"இவ இங்க பொறந்தவ. இங்க படிச்சவ. சாதி சர்டிபிகேட்டு இங்க கீது. அங்க கட்டிக் குடுத்தா நாளைக்கு ஒரு வேலைக்குப் போயி நிப்பா, எலக்‌ஷன்ல நிப்பா. உன் நைனா எந்த ஊருன்னுதான கேப்பான்? நான் நின்னா மாதிரி இவளும் நிக்கணுமா?"

பையன் மேல் ஏதாவது குறையா என்று கேட்டேன். தங்கமான பையன் என்றார். மகளைப் பார்க்காமல்தான் சொன்னார்.

நான் எழுத ஆரம்பித்தேன். சாதி, படிப்பு, வயது. தமிழ் பேசும் குடும்பம் என்று போடச் சொன்னார். மாப்பிள்ளை சித்தூர், திருப்பதி மாவட்டத்தில் பிறந்தவராக இருக்க வேண்டும், மாப்பிள்ளையின் அப்பாவும் அப்படியே என்று போடச் சொன்னார். பேரப்பிள்ளைகளுக்கும் அதுதான் கேட்பார்கள் என்றார். ஜாதகம் பார்ப்பீர்களா என்று விளம்பரப் பிரிவுக்காரர் கேட்டார். அது தேவையில்லை, பிறந்த ஊர் மட்டும் போதும் என்றார்.

மகளிடம் நானே கேட்டேன், உனக்குச் சம்மதமா என்று. "அம்மா சொல்றது கரெக்ட்தான் அங்கிள். அங்க போனா நான் எழுதற எக்ஸாம் எல்லாம் ஜெனரல்ல போயிடும். அங்க எஸ்.சி. லிஸ்ட்ல என்ன சேத்துக்க மாட்டாங்க" என்றாள். படித்த பெண், வக்கீல் சொன்னதைவிடத் தெளிவாகச் சொன்னாள். எழுதியதை வாங்கிப் படித்துப் பார்த்தாள். ஒரு இடத்தில் வயதைத் திருத்தினாள். லீடரம்மா பணம் கட்ட கவுண்ட்டருக்குப் போனதும் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இது ஊத்துக்கோட்டை பக்கம் வராம போட முடியுமா அங்கிள்?"

எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே பதிப்புதான் போகிறது என்று சொன்னேன்.